தோல் உரிக்காத ஹோஸ்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கட்டி அடிக்கிற மிஷினில் ஹோஸ் வெடித்தது. களத்தில் இருந்த எனக்கு வேட்டுப் போட்ட மாதிரி கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், அறுந்த ஹோஸ் தலை நசுங்கின சாரைப்பாம்பு போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துள்ளித் துள்ளி அடிக்கிறது. சூடான எண்ணெய் கூரைத் தகரம் வரைக்கும் பீய்ச்சுகிறது. மகுடேசன் மோட்டாரை நிறுத்துவதற்குள் லீவர் பிடித்திருந்த வசந்தாமணியின் தோளில் ஒரு அடி விழுந்துவிட்டது. ரவிக்கை கிழிந்து சதை தடித்துப் போயிற்று.

"ஆத்தா, கையில அடிச்சிருந்தா நான் சோறு எப்படித் திங்கறதுங்க?" என்றாள்.

"இன்னொரு கை இருக்குதல்ல."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மஞ்சள் பத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பினேன்.

தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்த பிறகு மிஞ்சுகிற தூளைப் பித்து என்போம். களத்தில் காயப்போட்டு, இந்த மிஷினில் வைத்து அழுத்திக் கட்டியாக்கிக் கப்பலுக்கு அனுப்புகிறோம். பின்னால் யாராவது படித்தால் புரிய வேண்டும் என்று எழுதுகிறேன். மிஷின் என் வீட்டுக்காரர் வாங்கியது. செய்த கம்பெனியே இப்போது இல்லை. எண்ணெய்க்கு அவ்வளவு வேகம் கொடுத்து அழுத்துவதால் ஹோஸ்தான் முதலில் சாகும்.

"பொள்ளாச்சியில சித்தப்பா கடையில ஒரு மணி நேரத்துல அடிச்சுக் குடுத்துருவாங்கம்மா. போயிட்டு வந்தர்றேன்" என்றான் மகுடேசன். என் மகன். நாற்பத்தாறு வயது ஆகிறது, இன்னும் என் முகத்தைப் பார்த்துத்தான் வண்டிச் சாவியை எடுப்பான்.

"அந்தக் கடை வாசல்ல உன்ர செருப்பு பட்டுதுன்னா, இந்த வாசல்ல படக்கூடாது."

கோயம்புத்தூர் போனான். மிஷின் சும்மா நிற்கிறது.

மார்ச் 4, புதன்

ரத்தக் கொதிப்புக்குப் பார்க்கிற டாக்டர்தான் எழுதச் சொன்னார். கோபம் வருகிறபோது பேசாமல் எழுதுங்கள், குறையும் என்றார். சென்னையில் இருக்கிற பேத்தி இந்த டைரியை அனுப்பினாள். ஐந்தாவது வரைக்கும் படித்தவள் நான். எழுதி எழுதி எழுத்துத்தான் நன்றாக வருகிறது. கோபம் அப்படியே இருக்கிறது.

ஆறுச்சாமி என் வீட்டுக்காரரின் தம்பி. பாகப் பிரிவினை அன்று கிணற்று மோட்டார் யாருக்கு என்று பேச்சு வந்தது. அவன் சந்தனக் கலர் சட்டை போட்டிருந்தான். மூன்றாவது பொத்தான் இல்லாமல் ஊக்குக் குத்தியிருந்தான். மோட்டார் ரூமிலிருந்து பைப் ரெஞ்சை எடுத்து வந்து, பின்னால் நின்று, இவரை இடது காதுக்கு மேலே அடித்தான். இவர் வாய்க்காலில் விழுந்தார். தண்ணீர் சிவந்து வாழைக்குப் பாய்ந்தது. நான் அரிவாளோடு அவனைத் தோட்டம் பூராவும் துரத்தினேன். கையில் கிடைக்காமல் போய்விட்டான்.

இவர் பிழைத்தார். இடது காது போயிற்று. அதற்கப்புறம் அந்தப் பக்கமிருந்து நான் என்ன சொன்னாலும், கேட்ட மாதிரி சிரிப்பார். நெல்லு வெந்ததா என்று கேட்டாலும் சிரிப்பு. உங்கள் அம்மா செத்துப் போய்விட்டார்கள் என்று சொன்னபோதும் அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிந்ததில்லை.

"என்ர தம்பிதான மயிலா, உடு" என்பார். அவர் விட்டார். நான் விடவில்லை. இவர் செத்தபோது பாடை தூக்க அவன் வந்தான். வாசலில் அரிவாளை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். புளியமரத்தடியில் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

மார்ச் 5, வியாழன்

பித்துக் குவியலில் நல்ல பாம்பு. இரும்பு வாரியால் மூன்றே போடு. வசந்தாமணி, "நல்ல பாம்பை அடிச்சா ஆகாதுங்க" என்று பால் ஊற்றிப் புதைத்தாள்.

மார்ச் 10, செவ்வாய்

வலது பக்கத்து ஹோஸும் போயிற்று. இந்தத் தடவை யார்மேலும் படவில்லை. சுவரில் அடித்த அடியில் சிமெண்டுப் பூச்சு பெயர்ந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு தலை இருந்திருந்தால் தேங்காய் உடைந்த மாதிரி உடைந்திருக்கும்.

மாதக் கடைசியில் கண்டெய்னர் வருகிறது. ஒவ்வொரு தடவையும் கோயம்புத்தூர் போய் வந்தால் ஆகாது. சாப்பிடும்போது சொன்னேன்.

"நாமளே அடிச்சா என்ன?"

"எதை?"

"ஹோஸ். ரப்பர் சுருளா விக்கறான். முனைக்குப் பிட்டிங் விக்கறான். இறுக்கறதுக்கு மிஷின் விக்கறான். நீ படிச்சவன்தான."

"அம்மா, இது பாவாடைக்கு நாடா கோக்கற வேலை இல்லீங்க. ஒண்ணு தப்பாச்சுன்னா ஆளைத் தூக்கிரும்."

"உங்க சித்தப்பன் மட்டும் வயத்துல இருக்கறப்பவே படிச்சானா?"

மருமகள் கோகிலம் மோர் ஊற்ற வந்தாள். "பேசாம அவர்கிட்டயே வாங்கலாமுங்கத்தை. ஊரே அங்கதான் வாங்குது" என்றாள். ஊரே வாங்குகிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. என் புருஷன் காதை எடுத்தவன் கடையில் சாமி படத்துக்கு மாலை போட்டு, ஊதுவத்தி கொளுத்தி உட்கார்ந்திருக்கிறான், ஊரே அங்கே வரிசையில் நிற்கிறது.

மகுடேசன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கடைசியில், "சரி, பாக்கறேன்" என்றான். தட்டைப் பார்த்துச் சொன்னான்.

மார்ச் 14, சனி

கோயம்புத்தூர் கணபதியில் மூடின பட்டறை ஒன்றிலிருந்து இறுக்குகிற மிஷினை வாங்கி வந்தான். கிரிம்பிங் மிஷின் என்று பெயர். கையால் பம்பு அடிக்க வேண்டும். வட்டமாக எட்டு இரும்புப் பல். நடுவில் ஹோஸ் முனையை வைத்து அடித்தால், எட்டுப் பல்லும் ஒன்றாக நெருங்கி, பிட்டிங்மேல் இருக்கிற வளையத்தை நசுக்கிப் பிடிக்கிறது. எனக்குப் பிடித்துப் போயிற்று. நெரிக்கிறதைப் பார்க்க நன்றாக இருக்கிறது.

விற்றவன் ஒரு சாக்கு நிறையப் பழைய பிட்டிங்கும் வளையமும் சும்மாவே கொடுத்திருக்கிறான். மகுடேசன் புதுச் சுருளிலிருந்து கட்டரில் அறுத்தான். உள்ளே இரண்டு அடுக்குக் கம்பி வலை தெரிந்தது. வளையத்தை மாட்டினான், நெரித்தான். வலது பக்கத்துக்கு ஒன்று, இடது பக்கத்துக்கு ஒன்று. எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, மோட்டாரைப் போட்டோம். முழு அழுத்தத்துக்குப் போயிற்று. ஒரு சொட்டுக் கசியவில்லை.

"ஆத்தா இனிமே கம்பெனி முதலாளிங்க" என்றாள் வசந்தாமணி.

"உன்ர தோளுக்கு ஒரு பிட்டிங் போட்டு உடறேன், வா."

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 17, செவ்வாய்

தேங்காய் ஏற்ற வந்த டிராக்டர்க்காரன் தொட்டி தூக்குகிற ஹோஸ் கசிகிறது, ஆறுச்சாமி கடைக்குப் போகிறேன் என்றான். எதுக்கு அவ்வளவு தூரம், இங்கேயே அடிச்சுட்டுப் போ என்றேன். அவன் அங்கே கொடுப்பதில் பாதிதான் வாங்கினேன். நாளைக்கு இன்னும் நாலு பேர் வருவார்கள்.

மார்ச் 21, சனி

நான்கு பேருக்கு அடித்துக் கொடுத்துவிட்டோம். டிராக்டர்க்காரன் நாகராசு, செங்கல் சூளை மணியகாரர், மட்டை மில் பெரியசாமி, ஜேசிபி வைத்திருக்கிற கோட்டூர்க்காரன்.

"வெளிக்கு வேண்டாம்மா. நம்ம மிஷினுக்கு மட்டும்னுதான் பேசினோம்" என்கிறான் மகுடேசன்.

நம் மிஷினுக்கு மட்டும் என்றால் ஆறுச்சாமி கடையில் எப்படி ஈ ஓட்டுவான்?

மார்ச் 25, புதன்

அவன் வந்தான்.

பித்தைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரைக் களத்து ஓரத்தில் நிறுத்திவிட்டுக் காய்கிற பித்தை மிதிக்காமல் சுற்றி நடந்து வந்தான். தலை முழுதும் நரைத்துவிட்டது. கையில் நாங்கள் அடித்த ஹோஸ். முனையை நீளவாக்கில் அறுத்திருந்தான்.

"நங்கையா, ஒரு நிமிஷம்."

அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்தச் சொல் என்மேல் விழுந்தது. எச்சில் துப்பினேன்.

"நாகராசு இதே அளவுல இன்னொண்ணு வேணும்னு கொண்டாந்தான். எனக்குச் சந்தேகமா இருந்துது. அறுத்துப் பாத்தேன்."

"என்ர பொருளை அறுக்கறதுக்கு நீ யாரு?"

"பாருங்க. இந்த வளையம் பழைய மாதிரி. இதுக்கு மேல் ரப்பரத் தோலை உரிச்சுப்போட்டுத்தான் மாட்டோணும். அப்பத்தான் பல்லு உள்ள போயிக் கம்பியக் கடிக்கும். உரிக்காம மாட்டற வளையம் வேற இருக்குது. மகுடேசன் ரெண்டையும் மாத்திப்போட்டான். பல்லு ரப்பரக் கடிச்சுட்டு நிக்குது, அவ்வளவுதான். சூடேறி ரப்பர் எளகுச்சுன்னா மொதல்ல ஊசி மொனை கணக்காத் துப்பும். அப்பறம் மொத்தமாக் கழண்டுக்கும்."

"கடையில ஈ ஓட்டறதாக் கேள்விப்பட்டேன்."

"ஓட்டறனுங்க. நான் வந்தது அதுக்கில்லை. உங்க மிஷின்ல இருக்கறதை இன்னிக்கே கழட்டுங்க. வித்தது எங்கெங்கன்னு சொல்லுங்க. நானே மாத்திக் குடுத்தர்றேன். காசு வேண்டாம்."

காசு வேண்டாமாம். எனக்குப் பிச்சை போடுகிறான்.

வாரியை எறிந்தேன். இரும்புப் பல் நெற்றியில் பட்டுத் தோலைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, கன்னத்தில் ஓடி, பித்தில் சொட்டியது. அவன் கத்தவில்லை. துண்டை எடுத்து அழுத்திக்கொண்டான். இன்னொன்று எறியக் கையில் ஒன்றும் இல்லை.

"சரி, நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்" என்றான். "துப்புச்சுன்னா எங்கிருந்து துப்புதுன்னு கையக் கொண்டி தடவிப் பாக்க வேண்டாம்னு சொல்லுங்க அவன்கிட்ட. அட்டையக் காட்டிப் பாக்கச் சொல்லுங்க. அதை மட்டுமாவது சொல்லுங்க நங்கையா."

போய்விட்டான். மகுடேசன் மட்டை வாங்கப் போயிருந்தான். ரத்தம் பட்ட பித்தை வாரி வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டினேன்.

மார்ச் 26, வியாழன்

வசந்தாமணியை மிஷினிலிருந்து எடுத்துக் களத்துக்கு அனுப்பினேன். ரொம்பப் பேசுகிறாள், கட்டி கோணலாக வருகிறது. லீவரை நான் பிடிக்கிறேன். எழுபத்தொரு வயதில் எதற்கு என்று மகுடேசன் கேட்டான். களத்தில் வெயில் தாங்கவில்லை என்றேன்.

ஹோஸ் இரண்டின் முனைகளிலும் ஈரச் சாக்கைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினேன். தூசி படாமல் இருக்கட்டும் என்று.

வசந்தாமணி என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. "நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டனுங்க ஆத்தா?" என்றாள். வாயை மூடிக்கொண்டு பித்தைக் கிளறு என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

மணியகாரருக்கும், பெரியசாமிக்கும், கோட்டூர்க்காரனுக்கும் போன் போட்டேன். மழை உண்டா, மாடு கன்று போட்டதா என்று பேசிவிட்டு, ஹோஸ் எப்படி என்று நடுவில் கேட்டேன். நன்றாக இருக்கிறதாம்.

பார்த்தாயா. நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 28, சனி

"அடுத்ததா அடிக்கறபோது மேல் ரப்பரை உரிச்சுட்டு மாட்டிப் பாரேன்" என்று மகுடேசனிடம் சொன்னேன்.

கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "யாரு சொன்னா?"

"யாரு சொல்லோணும்? எனக்குத் தோணுச்சு."

"உங்களுக்கா?"

"ஏன், எனக்குத் தோணாதா?"

"கண்டெய்னர் ஏறட்டும்மா. அப்பறம் தோலும் உரிப்போம், சட்டையும் தெச்சுப் போடுவோம்." சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

ஆறுச்சாமி பெயரைச் சொல்லியிருந்தால் உடனே மோட்டாரை நிறுத்தியிருப்பான். சித்தப்பன் வேலைமேல் இவனுக்கு அவ்வளவு மரியாதை. அதற்காகவே சொல்ல மாட்டேன். இரண்டு நாள்தானே. லீவரில் நான்தானே நிற்கிறேன். அடித்தால் என்னை அடிக்கட்டும். அவன் சொன்னது நடந்தது என்று ஊர் பேசுவதற்கு நான் இருக்க மாட்டேன்.

மார்ச் 30, திங்கள்

கண்டெய்னர் நாளைக்கு. விடிந்ததிலிருந்து நிற்காமல் ஓட்டினோம். எண்ணெய் டேங்கில் கை வைக்க முடியாத சூடு. சாக்கிலிருந்து புகை மாதிரி வந்தது. புகை இல்லை, எண்ணெய்தான், பனி மாதிரி பொடிப்பொடியாக. மகுடேசன் கட்டி அடுக்கிக்கொண்டிருந்தவன் பார்த்துவிட்டு ஓடி வந்தான். சாக்கை அவிழ்த்துப் போட்டான்.

"எங்கிருந்து வருதுன்னு தெரீலயே" என்று கையை ஹோஸ் முனைக்குக் கொண்டு போனான்.

லீவர் என் கையில் இருந்தது. விட்டால் அழுத்தம் இறங்கிவிடும். நான் கையை எடுக்கப் போனேன்.

"விடாதீங்கம்மா. அழுத்தத்துலதான் எடம் தெரியும்" என்றான்.

விடவில்லை.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன், சொன்னேனா இல்லையா, ஞாபகம் இல்லை. சந்தனக் கலர் சட்டையில் எந்தப் பொத்தான் இல்லை என்று தெரிகிறது. இது மட்டும் ஞாபகம் இல்லை.

"ஸ்" என்று கையை உதறினான். மோட்டாரை நிறுத்தினோம். ஆள்காட்டி விரலுக்குக் கீழே ஒரு புள்ளி. எறும்பு கடித்த அளவுகூட இல்லை. ரத்தமும் வரவில்லை. "அவ்வளவுதாங்க" என்று சிரித்தான். ஊர் கிளினிக்கில் ஆணி குத்தியது என்று சொல்லி ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டான். கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்த பழைய ஹோஸ் ஒன்று இருந்தது, அதை மாட்டி மறுபடியும் ஓட்டினான்.

அதே நாள், பொழுது சாய்ந்து

மத்தியானம் விரல் தடித்தது. சாயங்காலம் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆயிற்று. மணிக்கட்டு வரைக்கும் வீக்கம். "வலி இல்லைம்மா, மரத்துப்போன மாதிரி இருக்குது, காத்தால பாத்துக்கலாம். கண்டெய்னர் ஏறட்டும்" என்றான்.

கோகிலம் எனக்குத் தெரியாமல் போன் போட்டிருக்கிறாள். ஆறுச்சாமி கார் வாசலில் வந்து நின்றது. நெற்றியில் பிளாஸ்திரி. வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்று மகுடேசன் கையை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். முகம் செத்துப் போயிற்று.

"எண்ணெய் உள்ள போயிருச்சுடா. இது குத்தின காயம் இல்லை. ஊசி போட்ட மாதிரி நரம்போட ஓடியிருக்கும். இப்பவே கிழிச்சுக் கழுவோணும். காத்தால வரைக்கும் வெச்சிருந்தா கை அழுகிரும். கார்ல ஏறு."

"வலிக்கலீங்க சித்தப்பா. லாரி விடியறப்ப வந்துரும், நான் இல்லாம எப்படிங்க ஏத்தறது?"

"ஏறுடா."

"காத்தாலைக்குப் போலாமுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் காரில் ஏறாதே என்று நான் சொல்லுவேன் என்று கோகிலம் நினைத்தாள். அவள் கண்ணில் தெரிந்தது.

நான் போய் மகன் கையைப் பிடித்தேன். வலிக்கலையா என்றேன். இல்லைம்மா என்றான். அந்தப் புள்ளிமேல் என் கட்டைவிரலை வைத்து, உடம்பில் இருக்கிற பலம் எல்லாம் சேர்த்து அமுக்கினேன். பிள்ளை பெறுகிறவள் மாதிரி அலறினான். முட்டி போட்டு விழுந்தான். புள்ளியிலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு வந்தது. அவன் என் முடியைப் பிடித்து இழுத்தான், நான் விடவில்லை.

"இப்ப ஏறு" என்றேன்.

ஏறினான். நானும் ஏறினேன். பின் சீட்டில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் வண்டி ஓட்டுகிறவனின் பிடரியைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஏப்ரல் 1, புதன்

உள்ளங்கையிலிருந்து முழங்கைக்குக் கீழே வரைக்கும் கிழித்திருக்கிறார்கள். தைக்காமல் திறந்தே வைத்திருக்கிறார்கள். கட்டு மாற்றும்போது பார்த்தேன். எங்கள் ஊரில் கிடா அறுத்துத் தொங்கவிட்டால் இப்படித்தான் இருக்கும். ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். கை பிழைத்துக்கொள்ளும் என்கிறார் டாக்டர். அன்றைக்கே கொண்டுவந்ததால் கை மிஞ்சியது என்றார். யார் கொண்டுவந்தது என்று கேட்டார். நான் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

லாரி வந்து காலியாகப் போயிற்றாம்.

ஆறுச்சாமி இட்லிப் பொட்டலத்தைப் பெஞ்சில் எனக்கும் அவனுக்கும் நடுவில் வைத்தான். நான் தொடவில்லை. எறும்பு வந்தது.

"நாகராசோடதை நான் கழட்டிட்டேன். மத்தது எங்கெங்க நங்கையா?"

"மூணு எடம்."

"பேரைச் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். நானே வாரேன்."

"என்கூடவா?"

"உன்கூட இல்லை. உன்ர வண்டியில."

ஏப்ரல் 3, வெள்ளி

மூன்றையும் எடுத்தாயிற்று. மட்டை மில் பெரியசாமி உடனே கழற்றிக் கொடுத்தார். கோட்டூர்க்காரன் ஜேசிபி ஆள் பயந்துவிட்டான், முனையில் ஏற்கெனவே எண்ணெய் பூத்திருந்தது.

சூளை மணியகாரர்தான் நக்கல் பண்ணினார். டிராக்டர் தொட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, அதன் கீழேயே நிழலுக்கு இரண்டு பேர் படுத்திருந்தார்கள்.

"நேத்து வரைக்கும் அவன் கடையில வாங்காதீங்கன்னு நீங்க சொன்னீங்க. இன்னிக்கு ரெண்டு பேரும் சோடி போட்டுட்டு வாரீங்க. நல்லாத்தான ஓடுது, கெடக்கட்டும் போங்க" என்றார்.

நான் படுத்திருந்த ஆள்களில் ஒருவனைக் காலைப் பிடித்து இழுத்தேன். இன்னொருவன் தானே எழுந்து ஓடினான். ஆறுச்சாமி, "மொதல்ல தொட்டிய எறக்குங்க, நங்கையா நிக்கற நெலை சரியில்லை" என்று டிரைவரிடம் சொன்னான். தொட்டி இறங்கியதும் மடியிலிருந்து கொடுவாளை எடுத்து ஹோஸை வெட்டினேன். கம்பி லேசில் அறாது. ஏழெட்டு வெட்டு வெட்டினேன். மணியகாரர் மேல் எண்ணெய் தெறித்தது. "பைத்தியம் புடிச்சுருச்சா இந்தக் கெழவிக்கு" என்றார். ஆறுச்சாமி புது ஹோஸை மாட்டினான். மாட்டுவதற்கு முன்பு கத்தியால் மேல் ரப்பரைச் சுற்றி உரித்த இடத்தில் கம்பி பளபளவென்று இருந்ததைக் காட்டினான். நான் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

திரும்பி வரும்போது, "அண்ணனுக்குக் காது போனது எனக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்" என்றான்.

"வண்டிய ஓட்டு" என்றேன்.

ஏப்ரல் 8, புதன்

மகுடேசன் வீட்டுக்கு வந்தான். கையைத் தூக்கிக் கழுத்தில் கட்டியிருக்கிறது. இடது கையால் சாப்பிடப் பழகுகிறான். பருப்புச் சோறு சட்டையெல்லாம் கொட்டுகிறது. கோகிலம் ஊட்ட வந்தாள், வேண்டாம் என்றான்.

"சித்தப்பாவுக்கு நெத்தியில நாலு தையலாம்" என்றான். "எப்படின்னு கேட்டேன். கடை ஷட்டர்ல இடிச்சுக்கிட்டேன்னாரு."

நான் ரசத்தை ஊற்றினேன்.

"நல்லவேளை அன்னிக்கு அவர் வந்தாரு. முன்னாடியே நமக்கு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெரலும் இருந்திருக்கும்."

ஷட்டர். அவன் என்னைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறான். என் புருஷனை ரெஞ்சால் அடித்தவன், இருபத்திரண்டு வருஷம் என் வாசலில் கால் வைக்க முடியாதவன், இப்போது என் மகனிடம் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். நான் சாகிற வரைக்கும் அவன் கொடுத்த பொய்யைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். ரெஞ்சை எடுத்து என் தலையில் அடித்திருந்தால் பரவாயில்லை. அன்று வாய்க்காலில் விழுந்தது இவர் மட்டும்தான். இன்று என்னைத் தள்ளப் பார்க்கிறான்.

எனக்கு அது வேண்டாம்.

"ஷட்டர் இல்லை" என்றேன். "வாரி. நான்தான் எறிஞ்சேன்."

மகுடேசன் கை தட்டில் நின்றது.

"எப்ப?"

"புதன்கிழமை. நீ மட்டை வாங்கப் போயிருந்தே. தோல் உரிக்காம மாட்டியிருக்குது, கழட்டுங்கன்னு சொல்ல வந்தான்."

"அதுக்கு அடுத்த திங்கக்கிழமைதான் எனக்கு..."

"ஆமா."

கோகிலம் கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபமாகப் பார்த்திருப்பேன்.

"கைய வெச்சுப் பாக்க வேண்டாம்னு சொன்னாரா?"

"சொன்னான்."

அவன் தட்டைத் தள்ளிவிட்டான். எழுந்திருக்கவில்லை.

"நான் கைய வெக்கறப்ப, விடாதீங்கம்மான்னு சொன்னேன்" என்றான். "நீங்க விடலை."

ஏப்ரல் 11, சனி

மகுடேசன் இரண்டு ஆள் வைத்து கிரிம்பிங் மிஷினைத் தூக்கிப் பாழுங்கிணற்றில் போட்டான். சுவரில் இரண்டு இடத்தில் மோதி, அடியில் பாறையில் விழுந்து உடைகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. என்னைக் கேட்கவில்லை. புதன்கிழமையிலிருந்து என்னோடு பேச்சில்லை. ஏதாவது வேண்டுமென்றால் கோகிலத்திடம் சொல்லுகிறான், பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும்.

ஆறுச்சாமி வந்து புது ஹோஸ் இரண்டையும் மாட்டிவிட்டுப் போனான். அவனை இன்னும் நான் மன்னிக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், களத்தில் நின்று குடித்தான்.

வசந்தாமணியை மகுடேசனே கூப்பிட்டு லீவரில் நிறுத்தினான். "ஆத்தா எங்கீங்க?" என்று அவள் கேட்டது எனக்குக் கேட்டது. அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

நான் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மோட்டார் போட்டார்கள். முதல் கட்டி இறங்கியது. ஒவ்வொரு தடவை மிஷின் அழுத்தும்போதும் என் வலது கை தானாக மூடிக்கொள்கிறது. விரலைப் பிரித்து வைத்தேன். மறுபடியும் மூடிக்கொண்டது.